பிரிண்ட் சர்வரில் நீங்க மறுக்கும் போர்ட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிண்டரைக் கழற்றி ஸ்கிராப்புக்கு அனுப்பியாகிவிட்டது. சர்வரில் அதன் க்யூவையும் அழித்தாகிவிட்டது. போர்ட் மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கிறது. டெலீட் கொடுத்தால் "பயன்பாட்டில் உள்ளது" என்று வருகிறது. விண்டோஸ் பிரிண்ட் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் விஷயம் இது. சர்வர் 2012-க்கும் அதற்குப் பின் வந்த பதிப்புகளுக்கும் பொருந்தும்படி பதில்களை எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களை நாம் வாயால் சொல்லும் விதத்திலேயே கொடுத்திருக்கிறேன்.

பிரிண்டரை அழித்த பிறகும் போர்ட் ஏன் இருக்கிறது?

விண்டோஸில் பிரிண்டர், டிரைவர், போர்ட் மூன்றும் தனித்தனி. நாம் பிரிண்டர் என்று சொல்வது உண்மையில் ஒரு க்யூ. எந்த டிரைவரால் பக்கத்தைத் தயார் செய்வது, எந்த போர்ட் வழியாக அனுப்புவது என்று அது சுட்டிக்காட்டுகிறது, அவ்வளவுதான். ஒரே போர்ட்டைப் பல க்யூக்கள் பகிரலாம். ஒரே மெஷினுக்கு கலருக்கு ஒன்று, கறுப்பு வெள்ளைக்கு ஒன்று என இரண்டு க்யூ வைப்பது எல்லா ஆபீஸிலும் உண்டு. அதனால் க்யூவை அழிக்கும்போது விண்டோஸ் போர்ட்டைத் தொடுவதில்லை. அது சரியான முடிவுதான்.

சும்மா கிடந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?

இரண்டு நஷ்டம் உண்டு. இரண்டும் சின்னதில்லை.

முதலாவது, தவறான இடத்துக்குப் போகும் காகிதம். அடுத்த அட்மின் புதிதாக ஒரு க்யூ உருவாக்கும்போது, இருக்கும் போர்ட்டுகளின் பட்டியலில் பெயரைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்வார். அந்த ஐபி முகவரி இதற்குள் வேறு தளத்தில் இருக்கும் வேறு பிரிண்டருக்குப் போயிருக்கலாம். சம்பளப் பட்டியலோ நோயாளியின் ரிப்போர்ட்டோ சம்பந்தமில்லாதவர் கையில் கிடைத்தால், "பழைய போர்ட் இருந்துவிட்டது" என்ற விளக்கம் எடுபடாது.

இரண்டாவது, பாதுகாப்பு. லோக்கல் போர்ட் என்ற வகையில் போர்ட்டின் பெயராக ஒரு ஃபைல் பாதையையே கொடுக்கலாம். அச்சுக்கு அனுப்புவது அந்த ஃபைலில் போய் எழுதப்படும். 2020 மே மாதம் மைக்ரோசாஃப்ட் சரிசெய்த சிவிஇ-2020-1048, பிரிண்ட்டீமன் என்று பெயர் பெற்ற ஓட்டை, இந்த வழியைத்தான் பயன்படுத்தியது. சாதாரண யூசர் ஒருவர் சிஸ்டம் ஃபோல்டருக்குள் பாதை காட்டும் போர்ட்டை உருவாக்க முடிந்தது. அப்டேட் போடுவதற்கு முன்பே அப்படி ஒரு போர்ட் உருவாக்கப்பட்டிருந்தால், அப்டேட்டுக்குப் பிறகும் அது அப்படியே இருந்தது. உங்கள் போர்ட் பட்டியலில் டிஎல்எல் என்றோ இஎக்ஸ்இ என்றோ முடியும் பெயர் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் உங்கள் பாதுகாப்புக் குழுவைக் கூப்பிடுங்கள். அவர்கள் பார்க்கும் முன் நீக்கிவிடாதீர்கள், அது தடயம்.

"பயன்பாட்டில் உள்ளது" என்கிறது. யார்தான் பயன்படுத்துகிறார்கள்?

இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலைக்கு மேல் முடிந்தது. விண்டோஸ் சொல்லும் எர்ரர் எண் 170. பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. யாரோ ஒருவர் அந்த போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிடித்திருப்பவரைக் கண்டுபிடிக்காமல் விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் போய் வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதல் சந்தேகம் இன்னொரு க்யூ. பிரிண்ட் மேனேஜ்மென்ட் கன்சோலில் பிரிண்டர்கள் பட்டியலைத் திறந்து, போர்ட் நெடுவரிசையைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஷேர் செய்யாத க்யூக்களும் இங்கே தெரியும். யாரோ சோதனைக்காக உருவாக்கி மறந்துபோன "டெஸ்ட் காப்பி 2" மாதிரி ஒன்று இங்கேதான் மாட்டும்.

அடுத்தது பலர் கவனிக்காதது: பிரிண்டர் பூலிங். ஒரே க்யூவுக்குப் பல போர்ட்டுகளை இணைத்து, எந்த மெஷின் சும்மா இருக்கிறதோ அதற்கு வேலையை அனுப்பும் வசதி. பூல் செய்த க்யூவின் போர்ட் மதிப்பில் எல்லாப் பெயர்களும் கமா போட்டு ஒரே வரியில் இருக்கும்: "ஐபி_10.20.4.31,ஐபி_10.20.4.32" என்பது போல. நீங்கள் பவர்ஷெல்லில் போர்ட் பெயர் ஐபி_10.20.4.32-க்குச் சமமான பிரிண்டர்களைத் தேடினால் ஒன்றும் வராது. அந்த வரி முழுவதும் நீங்கள் தேடும் பெயருக்குச் சமம் இல்லையே. "யாருமே பயன்படுத்தவில்லை, ஆனாலும் அழிய மறுக்கிறது" என்ற குழப்பம் பல நேரம் இங்கேதான் பிறக்கிறது. சமம் என்று தேடாமல், அந்த எண் எங்காவது உள்ளே வருகிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் க்யூவின் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் தாவலுக்குப் போய் அந்த ஒரு டிக்கை மட்டும் எடுத்தால் போதும். பூலில் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, க்யூவில் நின்றுபோன வேலை. "டெலீட்டிங்" என்று காட்டிக்கொண்டு நாள்கணக்கில் போகாமல் நிற்கும் ஒரு ஜாப் இருந்தால் க்யூவும் முழுதாக அழிந்திருக்காது, போர்ட்டும் விடுபட்டிருக்காது.

நான்காவது, அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலர் என்ற விண்டோஸ் சேவையின் நினைவு. க்யூவை வேறு போர்ட்டுக்கு மாற்றிய பிறகும், டிரைவருடன் வந்த துணை மென்பொருள் பழைய மெஷினிடம் டோனர் அளவு கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பிடி உடனே விடாது. இந்த இடத்தில்தான் ரீஸ்டார்ட் உதவும்.

ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்தால் போதும் என்கிறார்களே, உண்மையா?

மேலே சொன்ன நான்காவது காரணத்துக்கு மட்டும் உண்மை. இன்னொரு க்யூ போர்ட்டைப் பிடித்திருந்தால் நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது.

செய்வதாக இருந்தால் வரிசை முக்கியம். அந்த போர்ட்டைச் சுட்டும் க்யூவை முதலில் எல்பிடி1 போன்ற வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது அழித்துவிடுங்கள். அப்புறம் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்குங்கள். தொடங்கிய உடனே, யாரும் எதையும் அச்சுக்கு அனுப்பும் முன், போர்ட்டை நீக்குங்கள். ரீஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் அதற்குள் பழையபடி பிடித்திருக்கும்.

ஸ்பூலர் நின்றால் அந்த சர்வரில் உள்ள எல்லா பிரிண்டருக்கும் சில நொடிகள் வேலை நிற்கும். வரிசையில் காத்திருக்கும் வேலைகள் டிஸ்க்கில் இருப்பதால் தொலையாது. ஆனால் பாதியில் அச்சாகிக்கொண்டிருந்தது முதல் பக்கத்திலிருந்து மறுபடி வரலாம். பில்லிங் கவுன்டர் இருக்கும் இடத்தில் பகல் பதினொரு மணிக்கு இதைச் செய்யாதீர்கள்.

ஸ்பூலர் நிற்கவே மாட்டேன் என்கிறது. "ஸ்டாப்பிங்" என்பதிலேயே நிற்கிறது.

எஸ்சி கட்டளையில் க்யூரிஇஎக்ஸ் கொடுத்தால் ஸ்பூலரின் ப்ராசஸ் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கொடுத்து டாஸ்க்கில் கட்டளையால் வலுக்கட்டாயமாக முடித்துவிடலாம். டிரைவரை ஸ்பூலரிலிருந்து பிரித்து ஓட்டும் டிரைவர் ஐசொலேஷன் போட்டிருக்கும் சர்வரில் பிரிண்ட்ஐசொலேஷன்ஹோஸ்ட் என்ற ப்ராசஸ் தனியாக ஓடும், அதையும் பாருங்கள். அடிக்கடி இப்படிச் சிக்கினால் குற்றவாளி போர்ட் இல்லை, ஏதோ ஒரு டிரைவர்.

க்யூவில் சிக்கிய வேலையை எப்படி எடுப்பது?

ஸ்பூலரை நிறுத்துங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் ஃபைல்கள் இருக்கும். எஸ்பிஎல் அச்சுக்குரிய உள்ளடக்கம். எஸ்எச்டி யார் அனுப்பியது, எந்தப் பிரிண்டர் என்ற விவரம். இணையத்தில் பல இடங்களில் "எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்று எழுதியிருக்கும். தனி கம்ப்யூட்டருக்கு அது சரி. சர்வரில் அந்த ஒரே ஃபோல்டரில்தான் எல்லா பிரிண்டர்களின் வேலையும் இருக்கிறது. தேதியைப் பாருங்கள், மூன்று வாரத்துக்கு முந்தைய ஃபைல் எது, இன்று காலை வந்தது எது என்று தெளிவாகத் தெரியும். பழையதை மட்டும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு ஸ்பூலரைத் தொடங்குங்கள். நகர்த்திய ஃபைல்களில் உள்ளடக்கம் இருக்கிறது என்பதால் வேலை முடிந்ததும் அவற்றையும் அழித்துவிடுங்கள்.

"அக்சஸ் டினைட்" என்று வருகிறது. நான் அட்மின்தானே?

கன்சோலை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்தீர்களா என்று பாருங்கள். திறந்தும் வந்தால், பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி தாவலில் "மேனேஜ் சர்வர்" என்ற உரிமை உங்கள் குரூப்புக்கு இருக்க வேண்டும். தனி ஒரு பிரிண்டரை நிர்வகிக்கும் உரிமை இருந்தால் போதாது. போர்ட் சர்வருக்குச் சொந்தமானது.

கட்டளை வழியாக நீக்க முடியுமா?

முடியும். பவர்ஷெல்லில் கெட்-பிரிண்டர்போர்ட் பட்டியலைத் தரும், ரிமூவ்-பிரிண்டர்போர்ட் நீக்கும். பெயரோடு நிறுத்தாமல் பிரிண்டர்ஹோஸ்ட்அட்ரஸ் என்ற புலத்தையும் சேர்த்துப் பாருங்கள்; போர்ட்டின் பெயர் ஒரு ஐபியாகவும் அது உண்மையில் போகும் முகவரி வேறு ஐபியாகவும் இருப்பது உண்டு. பழைய சர்வர்களில், சிஸ்டம்32-க்குள் பிரிண்டிங் அட்மின் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பிரின்போர்ட் என்ற விபிஎஸ் ஸ்கிரிப்டும் இதே வேலையைச் செய்யும்.

கன்சோலில் நீங்காத போர்ட் கட்டளையில் நீங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இரண்டும் கடைசியில் ஒரே ஸ்பூலரிடம்தான் கேட்கின்றன.

ரெஜிஸ்ட்ரியில் அழிக்கலாமா?

கடைசி வழியாக, ஆம். யாரும் பிடித்திருக்கவில்லை என்று உறுதியான பிறகு.

டிசிபி/ஐபி போர்ட்டுகள் இருக்கும் இடம்: லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், பிரிண்ட், மானிட்டர்ஸ், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட், போர்ட்ஸ். இதன் கீழே ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு கீ இருக்கும். லோக்கல் போர்ட்டுகள் இங்கே இல்லை. அவை சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், போர்ட்ஸ் என்பதன் கீழே வெறும் மதிப்புகளாக இருக்கும்.

அழிக்கும் முன் அதே பிரிண்ட் கிளைக்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் கீயில் உங்கள் போர்ட் பெயரை ஒருமுறை தேடுங்கள். எந்த க்யூவின் போர்ட் மதிப்பிலாவது இன்னும் அது இருந்தால், நீங்கள் அழித்த பிறகு அந்த க்யூ அச்சடிக்காது. தேடி முடித்ததும் மானிட்டர்ஸ் கீ முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பூலரை நிறுத்தி, குறிப்பிட்ட போர்ட்டின் கீயை மட்டும் அழித்து, ஸ்பூலரைத் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் பட்டியலில் எதுவும் மாறாது. ஸ்பூலர் அதைத் தன் நினைவில் வைத்திருக்கிறது.

பிரிண்டர் கம்பெனியின் சொந்த மென்பொருள் உருவாக்கிய போர்ட் எதற்கும் அசையவில்லை.

ஸ்பூலர் போர்ட்டைத் தானே நீக்குவதில்லை. அந்த போர்ட்டை உருவாக்கிய மானிட்டரின் (திரை அல்ல, போர்ட்டைக் கையாளும் மென்பொருள்) டிஎல்எல்லிடம் "இதை நீக்கு" என்று சொல்கிறது. விண்டோஸின் சாதாரண டிசிபி/ஐபி போர்ட்டுக்கு அது டிசிபிமான் டிஎல்எல். கம்பெனி மென்பொருள் தன் சொந்த மானிட்டரைப் போட்டுவிட்டு, அன்இன்ஸ்டால் செய்தபோது அந்த டிஎல்எல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டால், நீக்கச் சொல்வதற்கே ஆள் இல்லை.

நான் பரிந்துரைக்கும் வழி: அதே பதிப்பை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், போர்ட்டை முறைப்படி நீக்குங்கள், பிறகு மென்பொருளை எடுங்கள். சுற்றுவழி போலத் தெரியும், ஆனால் மானிட்டர்ஸ் கீயில் கைவைப்பதைவிட இது பாதுகாப்பானது. இன்ஸ்டாலர் கிடைக்கவில்லை என்றால் மட்டும், எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டு, ஸ்பூலரை நிறுத்தி, அந்த மானிட்டரின் கீயை அழியுங்கள். அதே மானிட்டரை நம்பி வேறு க்யூ ஓடவில்லை என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

டபிள்யூஎஸ்டி, யுஎஸ்பி, டிஎஸ் என்று தொடங்கும் போர்ட்டுகள்?

இவை யாரும் கையால் உருவாக்கியவை அல்ல, எனவே கையால் நீக்கும் வழியும் வேறு.

டபிள்யூஎஸ்டி போர்ட் (நெட்வொர்க்கில் பிரிண்டரை விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்து உருவாக்குவது) ஒரு டிவைஸோடு ஒட்டியது. அந்த டிவைஸை நீக்கினால் போர்ட்டும் போகும். சர்வரில் டபிள்யூஎஸ்டியையே பயன்படுத்தாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. நிலையான ஐபியும் டிசிபி/ஐபி போர்ட்டும், 9100 என்ற நெட்வொர்க் போர்ட் எண் வழியாக வேலையை அப்படியே அனுப்பும் ரா முறையும், நாளைக்கு உங்கள் இடத்துக்கு வருபவருக்கும் புரியும். நீண்ட எழுத்துக் குவியலாக வரும் டபிள்யூஎஸ்டி பெயரைப் பார்த்து எந்த மெஷின் என்று யாராலும் சொல்ல முடியாது.

யுஎஸ்பி001, யுஎஸ்பி002 போன்றவை பிரிண்டரைச் செருகும்போது உருவாகின்றன. டிவைஸ் மேனேஜரில் மறைந்த டிவைஸ்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய பிரிண்டர்களை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

டிஎஸ்001 வகை ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வருபவரின் சொந்த பிரிண்டருக்கானது. பலர் லாகின் செய்யும் செஷன் ஹோஸ்ட்டில் "இன்ஆக்டிவ் டிஎஸ் போர்ட்" என்று நிறையச் சேர்ந்திருக்கும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது அவற்றைத் தொடாதீர்கள்.

நீக்கிவிட்டேன். மதியம் பார்த்தால் திரும்ப வந்திருக்கிறது!

அப்படியானால் அதை யாரோ உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, கம்ப்யூட்டர்களுக்கு அமைப்புகளை மையமாக அனுப்பும் குரூப் பாலிசி ப்ரிஃபரன்ஸ். அதில் டிசிபி/ஐபி பிரிண்டர் என்று ஒரு பதிவு இருந்தால், ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் போர்ட்டையும் பிரிண்டரையும் மறுபடி உருவாக்கும். சாதாரணமாகப் புதுப்பித்தல் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை ஏதோ ஒரு கூடுதல் நேரமும் சேரும். காலையில் நீக்கியது மதியத்துக்குள் திரும்புவது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. பாலிசியில் இல்லை என்றால் லாகான் ஸ்கிரிப்ட், ஷெட்யூல்டு டாஸ்க், நெட்வொர்க்கில் பிரிண்டர் தேடும் கம்பெனி மென்பொருள் என்று வரிசையாகப் பாருங்கள்.

பிரிண்டரின் ஐபி மாறியது. போர்ட்டை நீக்காமல் முகவரியை மட்டும் மாற்றலாமா?

கான்ஃபிகர் போர்ட்டில் மாற்றலாம், வேலையும் செய்யும். ஆனால் போர்ட்டின் பெயரை மாற்ற விண்டோஸில் வழி இல்லை. 10.20.4.31 என்ற பெயருள்ள போர்ட் 10.20.7.15-க்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அவசரத்துக்குச் செய்யுங்கள், அன்றைக்கே சரிசெய்யுங்கள்: புது போர்ட் உருவாக்கி, க்யூவை அதற்கு மாற்றி, பழையதை நீக்குங்கள்.

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகவா?

வேண்டாம். எல்லா க்யூக்களின் போர்ட் மதிப்புகளையும் எடுத்து, கமாவில் பிரித்து ஒரு பட்டியல் ஆக்குங்கள். எல்லா போர்ட்டுகளின் பட்டியலிலிருந்து அதைக் கழியுங்கள். மிஞ்சுவதில் டிசிபி/ஐபி வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை உடனே நீக்காமல் ஒரு ஃபைலில் எழுதி, நெட்வொர்க் பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

க்யூ இருக்கிறது, ஆனால் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று தெரியவில்லை என்றால், ஈவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸ் என்பதன் கீழ் ஆப்பரேஷனல் லாகை இயக்குங்கள். இயல்பாக அது அணைந்திருக்கும். இயக்கிய பிறகு அச்சாகும் ஒவ்வொரு வேலைக்கும் 307 என்ற எண்ணில் ஒரு பதிவு வரும்: யார் அனுப்பியது, எந்த பிரிண்டர், எந்த போர்ட் வழியாக, எத்தனை பக்கம். ஒரு மாதமாவது ஓட விடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் அச்சடிக்கும் கணக்குப் பிரிவு எல்லா ஊரிலும் இருக்கிறது.

புது சர்வருக்கு மாறப் போகிறோம். அங்கே தானாகச் சுத்தமாகிவிடுமா?

ஆகாது. விண்டோஸோடு வரும் பிரிண்ட்பிஆர்எம் என்ற கருவி மூலம் பேக்கப் எடுத்து ஏற்றினால் க்யூ, டிரைவரோடு போர்ட்டுகளும் கூடவே வரும். பழைய சர்வரில் முதலில் ஒரு பேக்கப், பிறகு சுத்தம், பிறகு மாற்றத்துக்கான பேக்கப் என்று போங்கள்.

லினக்ஸில் இந்தப் பிரச்சினை உண்டா?

லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் போர்ட் என்று தனியாக ஒன்று கிடையாது. சாதனத்தின் முகவரி க்யூவுக்குள்ளேயே இருக்கும். க்யூவை நீக்கினால் அதுவும் போய்விடும்.

எல்பிடி1, காம்1, ஃபைல் போன்றவற்றையும் சேர்த்து நீக்கிவிடலாமா?

விட்டுவிடுங்கள். அவை விண்டோஸோடு வருபவை, எந்த நெட்வொர்க் முகவரிக்கும் போவதில்லை. சிக்கலில் இருக்கும் க்யூவைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க எல்பிடி1 உங்களுக்கே தேவைப்படும்.